டேப்பட் சத்தம்: பிரித்துக் கட்டிய இன்ஜின் ஏன் தட்டுகிறது?

பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் இன்ஜினை முழுதாகப் பிரித்து, சிலிண்டரைப் போர் செய்து, புது பிஸ்டன், புது பேரிங், புது கேம் ஷாஃப்ட் போட்டு மறுபடியும் பூட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. ஆயில் பிரஷர் முள் மேலே ஏறி நிற்கிறது. சைலன்சரில் புகை இல்லை. ஆனால் ராக்கர் கவருக்கு அடியிலிருந்து விடாமல் ஒரு 'டிக் டிக் டிக்'. பிரிப்பதற்கு முன்னால் அந்தச் சத்தம் இல்லை.

"டேப்பட் சத்தம்தான், கொஞ்சம் டைட் வைத்தால் போய்விடும்" என்று பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்வார். அப்படி டைட் வைத்துக் கருகிப்போன எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கணக்கே இல்லை. சத்தத்தை அடக்குவது சுலபம். ஸ்க்ரூவை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும். அது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் பொறுமையும் அளவுக் கருவிகளும் வேண்டும். அந்தத் தேடலில் ஒரு வரிசை இருக்கிறது. வரிசையை மாற்றிப் போனால் நல்ல பாகங்களைக் கழற்றி, கெட்டதை உள்ளேயே விட்டுவிட நேரும்.

எம்.ஜி.பி. கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் 1798 சி.சி. இன்ஜின், பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி-சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் 1489 சி.சி. இன்ஜின்தான் முந்தைய எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான நம் அம்பாசிடரிலும் பல்லாண்டுகள் ஓடியது. ஆகவே இந்தச் சத்தம் தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. டாக்ஸி ஸ்டாண்டில் ஐடிலிங்கில் நின்ற அம்பாசிடரின் அந்த மெல்லிய தட்டல் ஒரு தலைமுறைக்கே பழக்கம்.

சத்தம் எங்கே பிறக்கிறது என்று புரிய, உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். இந்த வகை இன்ஜினில் கேம் ஷாஃப்ட் மேலே இல்லை. பிளாக்கின் பக்கவாட்டில், கீழே கிடக்கிறது. க்ராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் டைமிங் செயின் அதை ஒரு சுற்று சுற்றவைக்கும். கேமில் உள்ள முட்டை வடிவ மேடு, தன்மேல் உட்கார்ந்திருக்கும் டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் புஷ் ராடைத் தூக்கும். புஷ் ராடு சிலிண்டர் ஹெட்டைத் தாண்டி மேலே வந்து ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும். குழந்தைகள் விளையாடும் சீசாப் பலகைபோல ராக்கரின் மறுமுனை கீழே இறங்கி வால்வை அழுத்தித் திறக்கும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடும். இப்படி எட்டு வால்வுகள். ஒவ்வொன்றின் பாதையிலும் உலோகத்தோடு உலோகம் சந்திக்கும் இடங்கள் நான்கைந்து. சத்தம் அவற்றில் எந்த இடத்திலும் பிறக்கலாம்.

வால்வு மூடியிருக்கும்போது ராக்கரின் மூக்குக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடப்படுகிறது. எம்.ஜி.பி.க்கு அது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். காரணம் வெப்பம். எஃகு, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். 100 மில்லிமீட்டர் தண்டு ஒன்று 300 டிகிரி சூடேறினால் 0.36 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஹெட்டும் பிளாக்கும் கூடவே விரிவதால் கணக்கு இவ்வளவு நேரானதல்ல என்றாலும், இடைவெளியே விடாவிட்டால் சூடான வால்வு முழுதாக மூட முடியாது என்பது நிச்சயம். எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு மூடி சீட்டில் படிந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. சரியாகப் படியாத வால்வுக்கு வெப்பம் இறங்க வழியில்லை. விளிம்பு வழியே தீச்சுவாலை பீறிட்டு அதை அரித்துவிடும். இடைவெளி கூடினால் சத்தம் வரும். குறைந்தால் சத்தமே இல்லாமல் வால்வு எரியும்.

இடைவெளி இருந்தால் தட்டத்தானே செய்யும், பிறகு சரியாக அட்ஜஸ்ட் செய்த இன்ஜின் எப்படி அமைதியாக ஓடுகிறது? அந்த நுட்பம் கேமின் வடிவத்தில் இருக்கிறது. மேடு தொடங்குமிடத்தில் ஒரு சின்ன, மிக மென்மையான சரிவை வைத்துக் கடைந்திருப்பார்கள். இடைவெளி சரியாக இருந்தால் பாகங்கள் ஒன்றையொன்று தொடுவது அந்தச் சரிவில், மிகக் குறைந்த வேகத்தில். மூடும்போதும் அப்படியே, வால்வு மெதுவாகச் சீட்டில் இறங்கும். இடைவெளி அந்தச் சரிவின் உயரத்தைத் தாண்டிவிட்டால், தொடுகை மேட்டின் செங்குத்தான பக்கத்துக்குத் தள்ளிப்போகிறது. அங்கே டேப்பட்டின் வேகம் பல மடங்கு. திறக்கும்போது ராக்கர் வால்வுத் தண்டின் தலையில் மோதும். மூடும்போது வால்வு சீட்டில் விழும். நம் காதில் கேட்பது அந்த மோதல்கள்தான்.

முதல் வேலை, வருவது வால்வுப் பக்கத்துச் சத்தம்தானா என்று உறுதி செய்வது. இதற்கு எண்ணிக்கையே உதவும். ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் கேம் ஷாஃப்ட் 400 சுற்றுதான். ஒரு வால்வு மட்டும் தட்டினால் நொடிக்கு ஆறேழு தட்டல். அதே நேரத்தில் க்ராங்க் ஷாஃப்ட் பேரிங்கோ பிஸ்டனோ சுற்றுக்கு ஒரு முறை தட்டினால் நொடிக்கு பதின்மூன்று. பழகாத காதுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. டைமிங் லைட்டை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டினால், அது இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது கேம் ஒரு முறை சுற்றும்போது ஒரு முறை மின்னும். தட்டலும் மின்னலும் ஒன்றாக விழுந்தால் குற்றவாளி கேமின் வேகத்தில் இயங்கும் ஏதோ ஒன்று. ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டல் கேட்டால் கீழே தேட வேண்டும். 3000 சுற்றில் எல்லாத் தட்டலும் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும் என்பதால் இந்தச் சோதனையை ஐடிலிங்கில்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது காது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். மெக்கானிக்குகளுக்கென்று உலோகக் கம்பி வைத்த ஸ்டெதஸ்கோப்பும் கிடைக்கிறது. எஃகில் ஒலி காற்றைவிடப் பதினைந்து மடங்கு வேகமாகப் போகும். வழியில் அதிகம் சிதறுவதும் இல்லை. ராக்கர் கவரின்மேல் வைத்தால் கவரே அதிர்ந்து எல்லா இடமும் ஒன்றுபோலக் கேட்கும். ஹெட்டின் விளிம்பிலோ ராக்கர் தாங்கியின் நட்டிலோ வைத்துக் கேட்பது நல்லது. கூடவே ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக்கின் தீப்பொறியை நிறுத்திப் பார்க்கலாம். நின்றதும் சத்தம் குறைந்தால் அது பெரும்பாலும் பிஸ்டன் அல்லது கனெக்டிங் ராடு. எரிதலின் அழுத்தம் போனதால் அடங்குகிறது. மாறாமல் தொடர்ந்தால் வால்வுப் பக்கம்தான். வால்வுக்குக் கீழே தீ எரிகிறதா இல்லையா என்பது ராக்கருக்குத் தெரியாது.

ஏமாற்றும் சத்தங்களும் உண்டு. அவற்றில் முதலிடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவுக்கு. இன்ஜினைப் பூட்டும்போது மேனிஃபோல்டு கேஸ்கெட் ஒரு மூலையில் சரியாக அமராமல் போனால், ஒவ்வொரு முறை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் அந்த இடுக்கு வழியே வாயு 'டக்'கென்று வெளியேறும். கேமின் வேகத்திலேயே வருவதால் டைமிங் லைட்டும் அதைப் பிடித்துத் தராது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகம் கேட்டு, சூடானதும் உலோகம் விரிந்து இடுக்கு அடைபட்டுச் சத்தம் குறைவது அதன் அடையாளம். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டை ஒட்டி நகர்த்தினால் கசிவு உள்ள இடத்தில் சத்தம் சட்டென்று தெளிவாகும். டைமிங் செயின் தளர்ந்து முன் கவரில் உரசுவது, டைனமோ பேரிங் தேய்ந்தது, பிளக் ஒயரில் மின்சாரம் கசிந்து பொறி தெறிப்பது எல்லாமும் டேப்பட் சத்தம் என்ற பெயரில் பட்டறைக்கு வந்திருக்கின்றன. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தால் அவற்றில் ஒன்று விலகிவிடும்.

எல்லாம் பார்த்து, சத்தம் ராக்கர் கவருக்கு அடியில்தான் என்று முடிவானால் ஃபீலர் கேஜைக் கையில் எடுக்கலாம். எட்டு வால்வு உள்ள இந்த இன்ஜினுக்கு ஒரு வசதியான கணக்கு இருக்கிறது: முழுதாகத் திறந்து நிற்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவது அளக்க வேண்டிய வால்வு. எட்டாவது திறந்திருந்தால் முதலாவது. ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது.

ஆனால் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும். எப்போது என்று தெரிந்திருப்பது முக்கியம். இன்ஜின் பிரித்துக் கட்டும்போது பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் செலவழித்துவிட்டு, ராக்கர்களைப் பெட்ரோலில் கழுவி அப்படியே மாட்டிவிடுவது வழக்கமாக நடக்கிறது. அந்த ராக்கரைக் கழற்றி, மூக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வால்வுத் தண்டு பல்லாண்டுகள் உரசிய இடத்தில், தண்டின் அகலத்துக்கு ஒரு பளபளப்பான குழி தெரியும். நகத்தால் தடவினால் ஓரத்தில் இடறும். ஃபீலர் கேஜின் தகடு அந்தக் குழியைவிட அகலமானது. அது குழிக்குள் இறங்காமல் இரண்டு கரைகளிலும் பாலம்போட்டு நிற்கும். குழியின் ஆழம் 0.15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.38 என்று அளந்து வைத்த இடத்தில் உண்மையான இடைவெளி 0.53. மெக்கானிக் எத்தனை முறை கவனமாக அட்ஜஸ்ட் செய்தாலும் சத்தம் போகாது. அளவும் தப்பென்று தெரியாது. ராக்கரின் மூக்கில் டயல் கேஜின் முள்ளை வைத்து, ராக்கரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் படித்தால் உண்மை வெளிவரும். தீர்வு, ராக்கரின் மூக்கை அதன் அசல் வளைவு கெடாமல் கிரைண்டிங் செய்வது, அல்லது மாற்றுவது. கையால் அரம் போட்டுத் தேய்ப்பது குழியைவிட மோசம்.

ராக்கரின் நடுவில் இருக்கும் புஷ்ஷும், அது ஏறி ஆடும் தண்டும் சந்தேகத்துக்குரிய இன்னொரு ஜோடி. ஸ்பிரிங்கின் விசை எப்போதும் ராக்கரை மேலே தள்ளுவதால் தண்டின் அடிப்பக்கம் மட்டும் தேயும். மேலேயிருந்து பார்த்தால் தண்டு புதிதுபோல மின்னும். கழற்றிப் புரட்டினால்தான் ஒவ்வொரு ராக்கருக்கும் கீழே ஒரு படிக்கட்டு தெரியும். இங்கே ஆயில் வரும் வழியையும் பார்க்க வேண்டும். ஆயில் பிளாக்கிலிருந்து ஹெட்டின் துளை வழியே ஏறி, ஒரே ஒரு ராக்கர் தாங்கி மூலமாக, உள்ளே குழலாக இருக்கும் தண்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து சிறு துளைகள் வழியே ஒவ்வொரு ராக்கருக்கும் பிரிகிறது. பழைய இன்ஜினில் அந்தக் குழல் கரியும் கசடும் அடைத்திருக்கும். தண்டின் இரு முனை அடைப்புகளையும் எடுத்துச் சுத்தம் செய்யாமல் பூட்டினால், புது இன்ஜின் முதல் நாளே காய்ந்த ராக்கர்களோடு ஓடும். கவரைத் திறந்து வைத்து ஐடிலிங்கில் சில நொடிகள் ஓட்டினால், எட்டு ராக்கர்களிலும் ஆயில் கசிந்து வழிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆயில் பிரஷர் முள் நன்றாக ஏறியிருக்கிறதே என்று இதில் ஆறுதல் கொள்ள முடியாது. அந்த முள் காட்டுவது கீழே உள்ள பிரதான வழியின் அழுத்தத்தை மட்டுமே.

பிரித்துக் கட்டியதால்தான் பிறந்த பிரச்சினைகள் வேறு வகை. ஹெட் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் அதன் அடிப்பரப்பைச் சீவித் தட்டையாக்குவார்கள். பிளாக்கையும் கொஞ்சம் சீவுவதுண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ராக்கர் தண்டு கேமை நோக்கி அதே ஒரு மில்லிமீட்டர் இறங்கிவிடும். புஷ் ராடின் நீளமோ மாறவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் நின்றுபோனது. எரியும்போது ஈயம் விட்டுச்சென்ற படிவம்தான் அதுவரை இரும்பு வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்தது. அதனால் இப்போது பழைய ஹெட்களில் கடினமான சீட் வளையங்களைப் பதிக்கிறார்கள். அந்த வளையம் பதிந்த ஆழம், வால்வைக் கிரைண்டிங் செய்த அளவு, இரண்டையும் பொறுத்து வால்வுத் தண்டின் தலை சற்றே உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும். அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ இந்த வித்தியாசங்களையெல்லாம் விழுங்கிக்கொள்வதுபோலத் தோன்றும். இடைவெளி சரியாக வந்துவிடும். ஆனால் ராக்கர் நிற்கும் கோணம் மாறிவிட்டது. அதன் மூக்கு வால்வுத் தண்டின் தலையில் நடுவே உருள்வதற்குப் பதிலாக ஓரத்தில் உரசும். தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். வால்வு கைடு தேயும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். வால்வுத் தண்டுகளின் தலையில் மார்க்கர் பேனாவால் மை பூசி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். நடுவே ஒரு மெல்லிய பட்டையாக அழிந்திருந்தால் நலம். ஓரமாக இருந்தால் ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்த வேண்டும், அல்லது நீளம் குறைந்த புஷ் ராடு போட வேண்டும். தகடு வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆயில் ஏறிவரும் தாங்கிக்கு அடியில் துளையில்லாத தகடு வைத்தால் எட்டு ராக்கர்களுக்கும் ஆயில் நின்றுவிடும். எம்.ஜி.பி. தயாரான பதினெட்டு ஆண்டுகளில் டேப்பட்டும் புஷ் ராடும் ஜோடியாக வடிவம் மாறியிருக்கின்றன. பழைய டேப்பட்டோடு பிந்தைய புஷ் ராடைச் சேர்க்க முடியாது. உதிரிபாகக் கடையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டி வாங்குவதே பாதுகாப்பு.

இதுவரை சொன்னவையெல்லாம் கவரைத் திறந்து கைக்கெட்டும் தூரத்தில் சரிசெய்யக்கூடியவை. உண்மையில் பயப்பட வேண்டியது இன்னொன்று: அட்ஜஸ்ட் செய்த இடைவெளி நிலைக்காமல் மறுபடி மறுபடி பெரிதாவது. இன்று 0.38 வைத்தால் நூறு கிலோமீட்டரில் 0.50; திரும்ப வைத்தால் திரும்பவும் கூடுகிறது. அதுவும் ஒரே ஒரு வால்வில். அப்படியென்றால் கீழே கேமின் மேடோ டேப்பட்டின் முகமோ அரைபட்டுக்கொண்டிருக்கிறது. புதிதாகப் போட்ட கேம் ஷாஃப்டுக்கு இது நேர்வது அதிகம். டேப்பட்டின் முகம் பார்வைக்குத் தட்டையாக இருந்தாலும் இந்த வகை டேப்பட்டில் நடுப்பகுதி மயிரிழை உயர்ந்திருக்கும். கேமின் மேடும் ஒரு பக்கமாக மயிரிழை சாய்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் டேப்பட் தன்னைத்தானே கொஞ்சம் சுற்றிக்கொள்ளும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. சுற்றுவது நின்றால் சில மணி நேரத்தில் மேடு வழுக்கையாகிவிடும். புது கேமுக்குப் பழைய டேப்பட்டை மாட்டக்கூடாது என்று கேம் விற்பவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். ஏற்கெனவே இன்னொரு மேட்டோடு பழகித் தேய்ந்த முகம் புதிய மேட்டில் சுற்றாது.

முதல் இருபது நிமிடங்கள்தான் ஒரு புதுக் கேமின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விட்டு, கார்புரேட்டரைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பது இயல்பாகத் தோன்றும். கேமுக்கு அதுதான் மிகக் கொடுமையான நிலை. மெதுவாகச் சுற்றும்போது ஸ்பிரிங்கின் முழு விசையும் மேட்டின் உச்சியில் இறங்கும். க்ராங்க் ஷாஃப்ட் வாரித் தெளிக்கும் ஆயிலும் அப்போது குறைவு. 2000 முதல் 2500 சுற்று வரை மாற்றி மாற்றி ஓடவிட்டால் ஆயில் நன்றாகத் தெறிக்கும்; வால்வுப் பாகங்களின் நிலைமம் ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆகவே இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர், தண்ணீர், ஆயில் எல்லாவற்றையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தயாராக்கி, பிடித்த நொடியிலிருந்து இருபது நிமிடம் நிறுத்தாமல் அந்த வேகத்தில் ஓட்டுவதே முறை.

ஆயிலிலும் விஷயம் இருக்கிறது. துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட இசட்.டி.டி.பி. என்ற சேர்மம் 1940களில் ஆயிலில் சேர்க்கப்பட்டது. முதலில் ஆயில் கெடுவதையும் பேரிங் அரிப்பையும் தடுக்க. உரசும் இடத்தின் சூட்டில் அது சிதைந்து, உலோகத்தின்மேல் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள கண்ணாடி போன்ற படலமாகப் படிகிறது என்பதும், அந்தப் படலமே கேமையும் டேப்பட்டையும் காக்கிறது என்பதும் பிறகு தெரியவந்தது. ஆனால் பாஸ்பரஸ் காரின் புகைவழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரசுக்கு 0.08 சதவீதம் என உச்சவரம்பு வைத்தது. உருளை வைத்த டேப்பட் கொண்ட புதுக் கார்களுக்கு அது போதும். 1960களின் சறுக்கு டேப்பட்டுக்கு, அதுவும் புதிதாகப் பழகும் நாட்களில், போதாது. 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான வகைகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது. விலை கூடிய நவீன ஆயில் எதுவானாலும் நல்லதுதான் என்ற நம்பிக்கை பழைய கார்களில் பலிக்காது. டப்பாவின் பின்பக்கத்தில் உள்ள தரக்குறியைப் படித்து வாங்க வேண்டும்.

கேம் தேய்கிறதா என்று பார்க்க இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ராக்கரை ஸ்பிரிங்குக்கு எதிராகப் பக்கவாட்டில் நகர்த்தி, புஷ் ராடின் தலையில் டயல் கேஜை வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி ஒவ்வொரு மேடும் எவ்வளவு தூக்குகிறது என்று அளக்கலாம். எட்டில் ஒன்று மட்டும் குறைவாகத் தூக்கினால் விடை கிடைத்துவிட்டது. எக்ஸாஸ்ட் பக்கமாக இருந்தால் கார்புரேட்டர் வழியே 'புட் புட்'டென்று திருப்பியடிக்கும். பி-சீரிஸ் இன்ஜினின் பக்கத்தில் இரண்டு சிறிய கவர்கள் உண்டு. அவற்றைத் திறந்தால் டேப்பட்டையே கையில் எடுத்துப் பார்க்கலாம். முகம் சீராக மின்ன வேண்டும். நடுவில் பள்ளமோ ஊசிக்குத்துபோன்ற புள்ளிகளோ இருந்தால் கேம் ஷாஃப்டோடு சேர்த்து எல்லா டேப்பட்டையும் மாற்ற வேண்டும். அரைபட்ட தூள் ஆயிலோடு புதுப் பேரிங்குகளுக்கும் போயிருக்கும் என்பதால், இந்தக் கட்டத்தில் காரை மேற்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது.

புஷ் ராடு இன்ஜினின் சத்தம் பெரிய வடிவமைப்பாளர்களையே திசைதிருப்பியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கவன்ட்ரியில், இரவில் தொழிற்சாலைக் கூரையில் தீக்காவல் இருந்தபடியே ஜாகுவாரின் வில்லியம் ஹெய்ன்ஸ், வால்ட்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோர் புது இன்ஜின் ஒன்றைப் பற்றித் திட்டமிட்டார்கள். சோதனைக்காகச் செய்த ஒன்றில் பி.எம்.டபிள்யூ. 328 பாணியில் குறுக்குப் புஷ் ராடுகளை வைத்துப் பார்த்தார்கள். அதன் இரைச்சலும் காற்றோட்டமும் திருப்தி தரவில்லை. முடிவில் இரண்டு கேம் ஷாஃப்டுகளை ஹெட்டின் மேலேயே வைத்த எக்ஸ்.கே. இன்ஜின் பிறந்தது, 1948-இல் லண்டன் கண்காட்சியில் எக்ஸ்.கே.120 காரோடு வெளியானது. புஷ் ராடும் ராக்கரும் அதில் இல்லை. ஆனால் சத்தத்துக்கு வேறு வழி இருந்தது. ஹெட் அலுமினியம், டேப்பட் ஓடும் கைடுகள் இரும்பு, சூடாக்கிய ஹெட்டில் இறுக்கிச் செருகியவை. அலுமினியம் இரும்பைப்போல் இரு மடங்கு விரியும். ஒருமுறை இன்ஜின் கடுமையாகச் சூடேறிவிட்டால் பிடி தளர்ந்து கைடு மேலே எழும்பி, சுற்றும் கேமின் மேட்டில் மோதும். அப்போது வருவது பலத்த அடி. டிக் டிக் அல்ல. அப்படியே ஓட்டினால் ஹெட்டே உடையலாம். அதனால் எக்ஸ்.கே. ஹெட்டைப் பிரிக்கும்போதே கைடுகள் எழும்பாமல் அழுத்திப் பிடிக்கும் தகடுகளை ஸ்க்ரூ போட்டுப் பொருத்துவது இப்போது பலரும் செய்யும் முன்னெச்சரிக்கை.

எம்.ஜி.பி.யிலேயே 1973 முதல் 1976 வரை ரோவர் வி8 இன்ஜின் வைத்து ஒரு வகை வந்தது. மொத்தம் 2,591 கார்கள். அதில் ஹைட்ராலிக் டேப்பட். உள்ளே நிற்கும் ஆயில் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். அட்ஜஸ்ட் ஸ்க்ரூ கிடையாது. புதிதாகப் பூட்டியதும் ஆயில் நிரம்பும்வரை சில நிமிடம் தட்டுவது இயல்பு. தொடர்ந்து தட்டினால், மெல்லிய தகர ஹெட் கேஸ்கெட்டுக்குப் பதிலாகத் தடித்த கேஸ்கெட் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட் உயர்ந்த அளவுக்கு டேப்பட்டின் உள்ளழுத்தம் குறைந்துபோயிருக்கும்.

பி-சீரிஸ் இன்ஜினுக்கே திரும்பினால், கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் புது ஹெட் கேஸ்கெட் சூட்டிலும் அழுத்தத்திலும் மெலிந்து படியும். ஹெட் நட்டுகளை மறுபடி 61 முதல் 68 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் ஹெட் இன்னும் கொஞ்சம் இறங்கி, எட்டு வால்வுகளின் இடைவெளியும் குறைந்துவிடும். ஆகவே நட்டு முறுக்கிய பிறகு டேப்பட் அட்ஜஸ்ட் கட்டாயம். இன்ஜின் குளிர்ந்திருக்கையில் அளப்பதா, சூடாக இருக்கையில் அளப்பதா என்பதை அந்தந்த இன்ஜினின் கையேட்டில் பார்த்து, அதன்படியே வையுங்கள். புதிதாகப் போட்ட கேம் வேறு வகையென்றால் அதைச் செய்தவர் தந்த அளவே செல்லும். முதல் முறை ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து, காகித மடிப்புகளில் உலோகத் தூள் இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும், ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்பே, எட்டு இடைவெளிகளையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எந்த வால்வின் அளவு மற்ற ஏழிலிருந்து விலகி நிற்கிறதோ, அதன் டேப்பட்டை முதலில் எடுத்துப் பாருங்கள்.